முதுகு இல்லாத கோட்

அத்தியாயம் 4

மாப்பிள்ளை போட்டோ ஒன்று, மர்ம போட்டோ ஒன்று. இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்துவிட்டுத் தேவயானி பூதக்கண்ணாடியைத் தேடினாள். அது குருநாதன் கையில் இருந்தது. மசால்வடைக்குள் இருப்பது கிராம்பா கட்டெறும்பா என்று அவன் ஆராய்ந்துகொண்டிருந்தான்.

“குருநாதா, கண்ணாடியக் குடு.”

“ரெண்டு நிமிஷம்க்கா. உயிர் போற விஷயம். எனக்கில்ல, எறும்புக்கு.”

எதிரே உட்கார்ந்திருந்த சசிகலா சிரிக்கவில்லை. குருநாதனுக்கு அது கொஞ்சம் அடிதான். பெரம்பலூர் – அரியலூர் தனியார் பஸ்ஸில் பத்து வருஷம் கண்டக்டராக இருந்தவன் அவன். டிக்கெட்டைக் கிழிப்பதைவிட ஆளைக் கிழிப்பது அதிகமாக இருக்கிறது என்று முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்று அதே பஸ்ஸில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்த ஒரே பயணி தேவயானி. மறுநாளே அவனைத் தன் உதவியாளனாக வைத்துக்கொண்டாள். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம், ஜெராக்ஸ் கடை மாடியில், ‘தேவயானி திருமண விசாரணை நிலையம்’. மாப்பிள்ளை குடிப்பாரா, சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா, தலையில் இருப்பது சொந்த முடியா என்று பெண் வீட்டாருக்கு விசாரித்துச் சொல்வது அவர்கள் தொழில். வழக்கமாகப் பெண்ணின் அப்பாவோ மாமாவோதான் படியேறி வருவார்கள். பெண்ணே வந்தது இதுதான் முதல் தடவை.

“மறுபடி ஒரு தடவை சொல்லும்மா” என்றாள் தேவயானி.

சசிகலா பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது. தனியார் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர். அம்மா இல்லை, இறந்து இரண்டு வருஷம். அப்பா வீரமுத்து தையல்காரர். மாப்பிள்ளை தமிழழகனுக்குச் செந்துறை சொந்த ஊர். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன். வெள்ளிக்கிழமை காலை நிச்சயதார்த்தம். இன்று செவ்வாய். போன சனிக்கிழமை தபாலில் ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது.

குருநாதன் அதை எடுத்து வாசித்தான். “‘உங்கள் மாப்பிள்ளைக்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டது. ஆதாரம் இத்துடன். இப்படிக்கு, உண்மை விளம்பி.’ எழுத்து ஒவ்வொண்ணும் எலுமிச்சங்கா சைஸுல இருக்கே! தேர்தலுக்குச் சுவரெழுத்து எழுதுறவனாட்டம்.”

ஆதாரம் என்பது அந்த மர்ம போட்டோ. காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த ஒரு மதில் சுவர். அதைப் பார்த்தபடி ஓர் ஆணும் பெண்ணும் கழுத்தில் மாலையோடு நிற்கிறார்கள். இரண்டு பேரும் முதுகு மட்டும்தான், அதுவும் கழுத்திலிருந்து இடுப்புவரை. படம் புகைமூட்டமாக இருந்தது. ஆனால் ஆணின் முதுகில் இருந்த கோட் மட்டும் நன்றாகத் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் பொடிக் கட்டம், அதன்மேல் நாலு விரலுக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும் தடித்த ஊதாக் கோடு. பெரிய கட்டத்துக்குள்ளே சின்னக் கட்டம்.

மாப்பிள்ளை போட்டோவில் தமிழழகன் நேராகப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தான். அவன் போட்டிருந்ததும் அதே பொடிக் கட்டம், அதே ஊதாக் கோடு.

“இந்தக் கட்டத்த வெச்சுத்தான் எல்லாம் வந்துச்சு” என்றாள் சசிகலா. “அப்பா ரெண்டு போட்டோவையும் கையில வாங்கினாரு. பாத்த ஒடனே, ‘அதே கட்டம், அதே துணி, இது அவன் கோட்டேதான்’னுட்டாரு. முப்பத்தஞ்சு வருஷமா துணி வெட்டுற ஆளு சொன்னா சொந்தக்காரங்க மறுத்துப் பேசுவாங்களா?”

“மாப்பிள்ளை என்ன சொல்றாரு?”

“கோட்டு தன்னோடதே இல்ல, அரியலூர் அழகேசன் ஸ்டுடியோவுல போட்டோவுக்காக மாட்டிவிட்டதுன்னு சொல்றாரு. அப்பா நேர்ல போயி விசாரிச்சாராம். ஸ்டுடியோக்காரர் எங்ககிட்ட கோட்டே கெடையாதுன்னுட்டாராம்.”

குருநாதன் பூதக்கண்ணாடியை வடையிலிருந்து மர்ம போட்டோவுக்கு மாற்றினான். “அக்கா, இந்த ஆளுக்குக் கையே இல்லியே. ஒரு பக்கம் அந்தம்மா மறைக்குது, ஒரு பக்கம் மாலை மறைக்குது. கையில்லாம தாலி எப்புடிக் கட்டினான்?”

“நீ பேசாம இரு” என்றாள் தேவயானி. பிறகு சசிகலாவைப் பார்த்து, “உனக்கு இந்தப் பையனப் புடிச்சிருக்கா?” என்று கேட்டாள்.

“புடிச்சிருக்குங்க.” அவள் தலையைக் குனியவில்லை. “முன்னாடி நாலு வரன் வந்துச்சு. எனக்கு எதுவும் ஒட்டல. இது ஒட்டிச்சு. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு பதில் சொல்லுங்க, இல்லன்னா வேற எடம் பாத்துக்குறோம்னு அவங்க வூட்ல சொல்லிட்டாங்க. நான் இங்க வந்தது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.”

*

புதன்கிழமை காலை அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் தேவயானி, பக்கத்தில் குருநாதன். பேரளி தாண்டியதும் எதிரே வந்த சிமெண்ட் லாரிகளின் புழுதியில் குருநாதனின் மீசை நரைத்தது.

“பாவம்க்கா இந்த அரியலூரு” என்றான். “போன வருஷம்தான் தனி மாவட்டமாக்கி, சீர் செஞ்சு, தனிக்குடித்தனம் அனுப்புனாங்க. பதினஞ்சே மாசத்துல பொட்டியோட பெரம்பலூருக்குத் திரும்பி வந்துடுச்சு. யாரு மொட்டைக் கடுதாசி போட்டாங்களோ.”

அழகேசன் ஸ்டுடியோ ஒரு வாசல், ஒரு திரை, ஒரு கண்ணாடி ஷோகேஸ். ஷோகேஸில் காதுகுத்துக் குழந்தைகளும் புதுமணத் தம்பதிகளும் வெளுத்துப்போய்ச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோட் போட்டவர் ஒருவர்கூட அதில் இல்லை. தேவயானி அதைக் கவனித்தாள். அவள் கவனிப்பதைக் குருநாதன் கவனித்தான்.

“கோட்டா?” என்றார் அழகேசன். ஐம்பது வயது, சந்தனப் பொட்டு, கழுத்தில் லென்ஸ் துடைக்கும் துணி. “நம்ம கடையில அதெல்லாம் கெடையாதுங்க. வர்றவங்க அவங்கவங்க கோட்டப் போட்டுக்கிட்டு வருவாங்க.”

குருநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தான். அவனுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியிருந்தது.

“அண்ணே, எனக்குப் பொண்ணு பாக்குறாங்க. ஒண்ணும் அமையல. போட்டோவப் பாத்துட்டு, ‘என்னங்க, டிக்கெட் டிக்கெட்டுன்னு கேக்குற மாரியே இருக்காரு’ங்குறாங்க. செந்துறையில தமிழழகன்னு நமக்கு வேண்டப்பட்ட பையன். உங்ககிட்ட எடுத்த போட்டோதான் அவனுக்குக் கல்யாணத்தையே கொண்டாந்துச்சாமே. உங்க கைராசிய நம்பி வந்தேன். கோட் இல்லன்னா விதின்னு போயிடுறேன்.”

கைராசி என்ற சொல் அழகேசனின் முகத்தில் வேலை செய்தது. தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். திரைக்குள்ளே போனார். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

“வெளியில சொல்லக் கூடாது. இதுல எடுத்த போட்டோவால நூத்திச் சொச்சம் கல்யாணம் நடந்திருக்கு. எல்லாருக்கும் ஒரே கோட்டுன்னு தெரிஞ்சா எத்தனை வூட்ல சண்டை வரும்? ஷோகேஸுல கூட வெக்க மாட்டேன்.”

சாம்பல் பொடிக் கட்டம், ஊதாக் கோடு. கோட்டை அவர் வழக்கம்போல முதுகுப் பக்கமிருந்து மாட்டவில்லை. குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல முன்பக்கமிருந்து கொண்டுவந்து கைகளை நுழைத்து, பின்னால் போய் எதையோ இழுத்து முடிச்சுப் போட்டார். “ஒக்காருங்க. மூச்ச இழுத்துப் புடிங்க. திரும்பவே கூடாது.”

எதிர்க் கண்ணாடியில் குருநாதன் தன்னையே பார்த்தான். நம்ப முடியவில்லை. ஒரு ஜில்லாவை ஆளும் களை முகத்தில் வந்திருந்தது. விளக்கு பளிச்சென்று அடித்தது.

“குருநாதா, எந்திரிச்சுத் திரும்பு” என்றாள் தேவயானி.

“வேண்டாம்மா!” என்றார் அழகேசன். அதற்குள் அவன் திரும்பிவிட்டான்.

பின்பக்கம் கோட் இல்லை. தோளோடும் விலாவோடும் துணி நின்றுபோயிருந்தது. நடுவில் அவன் சட்டையும், குறுக்கே மூன்று நாடா முடிச்சுகளும்தான் இருந்தன.

“அடப்பாவி!” என்று குருநாதன் கண்ணாடியில் கழுத்தை வளைத்துப் பார்த்தான். “முன்னாடி கலெக்டர், பின்னாடி பரோட்டா மாஸ்டரு!”

அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். தேவயானி அவன் மார்பையே உற்றுப் பார்த்தாள். சிரிப்புக்கு ஏற்ப ஊதாக் கோடுகள் வளைந்தன, நெளிந்தன, தொப்பைமேல் ஏறி இறங்கின. கைப்பையிலிருந்து மர்ம போட்டோவை எடுத்தாள். அதில் கோடுகள் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல நேராக நின்றன.

“ஏன் சார், இந்தக் கோட்டுக்கு முதுகு என்னாச்சு?”

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் பதில் சொன்னது. “கேளுங்க, நல்லாக் கேளுங்க! எங்கப்பா கல்யாணத்துக்குத் திருச்சி வரைக்கும் போயி எடுத்துக் குடுத்த துணி. இப்படி அறுத்துப் போட்டுருக்காரு மனுஷன்!”

“என் சம்சாரம் ஜெயலட்சுமி” என்றார் அழகேசன் தாழ்ந்த குரலில். “அது என் கல்யாணக் கோட்டுங்க. எனக்கப்புறம் யாருக்கும் சரியா வரல. குண்டா இருந்தா ஏறல, ஒல்லியா இருந்தா தொங்குது. தையக்காரரு ஒருத்தருதான் யோசனை சொன்னாரு. ‘போட்டோவுக்கு முன்பக்கம் போதுமே, முதுக எடுத்துட்டு நாடா வெச்சுட்டா எல்லா ஒடம்புக்கும் வருமே’ன்னு. அவரே வெட்டியும் குடுத்தாரு. அஞ்சு வருஷமாச்சு.”

“வெட்டின முதுகு?”

“அத வெச்சு நான் என்னங்க பண்றது? அவருகிட்டயே விட்டுட்டேன். பெரம்பலூரு வீரமுத்து மாஸ்டரு.”

குருநாதன் சிரிப்பை நிறுத்தினான். வாயைத் திறந்தான். தேவயானி அவன் காலை மிதித்தாள். மூடிக்கொண்டான்.

“இந்தக் கோட்டப் பத்தி எங்களுக்கு முன்னாடி யாராச்சும் வந்து கேட்டாங்களா? போன வாரம், பத்து நாளுக்குள்ள?”

“ஒருத்தரும் வரலியே. நீங்கதான் மொத ஆளு.”

“வீரமுத்து மாஸ்டர்?”

“அவரப் பாத்தே அஞ்சு வருஷமாச்சுங்க.”

மேசை ஓரத்தில் வேண்டாத பிரிண்டுகள் ஒரு டப்பாவில் கிடந்தன. தேவயானி அவற்றைக் கிளறினாள். ஒன்றைப் பார்த்ததும் உதட்டோரம் லேசாக மடிந்தது. “இத நான் எடுத்துக்கலாமா?” என்று கேட்டுக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அது என்ன படம் என்று குருநாதனுக்குக் காட்டவில்லை.

*

திரும்பும் பஸ்ஸில் அவனால் பொறுக்க முடியவில்லை.

“அக்கா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சொந்த மக கல்யாணத்த அப்பனே கெடுப்பானா?”

“அத அப்புறம் பாப்போம். இந்தப் போட்டோவுல ஏன் முதுகு மட்டும் இருக்கு?”

“மூஞ்சி தெரியக் கூடாதுன்னு.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். எல்லாரும் அப்படித்தான் நெனச்சோம்.” தேவயானி போட்டோவை அவன் மடியில் வைத்தாள். “எடுத்தவருகிட்ட இருந்ததே முதுகு மட்டுந்தான். முன்பக்கம் அரியலூர்ல மாப்பிள்ளைங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சுக்கிட்டு இருக்கு. பின்பக்கம் பெரம்பலூர்ல அதக் கலைச்சுக்கிட்டு இருக்கு. ஒரே கோட்டு.”

குருநாதன் அந்த முதுகை வெகுநேரம் பார்த்தான். பேரளி வந்தது, போனது.

“அப்ப இந்த ஆளு யாரு?”

“நீ சிரிச்சப்போ உன் தொப்பையில கட்டம் எப்படி ஆடுச்சு? மூச்சு விடுற ஒடம்புல கோடு இப்படி நிக்காது. நேத்து நீயேதான் சொன்ன, இவனுக்குக் கையில்லன்னு.”

அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததுபோலத் தலையை ஆட்டி வைத்தான். கண்டக்டர் வேலையில் பழகியது அது.

*

வீரமுத்து மாஸ்டரின் கடை, கோயில் மதிலை ஒட்டிய சந்தில் இருந்தது. மதிலில் காவியும் வெள்ளையும் பட்டை அடித்திருந்தார்கள். கடை வாசலில் இரண்டு துணிக்கடைப் பொம்மைகள் நின்றன. பெண் பொம்மை ரவிக்கை போட்டிருந்தது. ஆண் பொம்மைக்கு அரைக்கைச் சட்டை. சட்டைக் கை இரண்டும் காற்றில் ஆடின, உள்ளே கை இல்லை.

குருநாதன் ஆண் பொம்மைமுன் நின்று கும்பிட்டான். “வணக்கம் மாப்ள. தங்கச்சி சௌக்கியமா?”

“யாருங்க?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வீரமுத்து ஒல்லியான மனிதர். கழுத்தில் டேப். மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டிருந்தார். தையல் மிஷினுக்கு மேலே சுவரில் ஒரு பழைய காலண்டர் அட்டை. அதில் வரிசையாகப் பன்னிரண்டு ஊசிகள் குத்தியிருந்தன. ஒவ்வொன்றிலும் வேறு நிற நூல் கோத்துத் தயாராகத் தொங்கியது. தேவயானி அந்த அட்டையைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலே கால்.

“மாஸ்டர், செந்துறைப் பையன் விஷயமா வந்திருக்கோம். தமிழழகன்.”

மாஸ்டரின் கை டேப்பைப் பிடித்துக்கொண்டது. “அவன் வூட்டு ஆளுங்களா?”

“நாங்க விசாரிக்கிறவங்க. உங்க கண்ணுக்கு முன்னாடி துணி பொய் சொல்ல முடியாதுன்னு ஊரே சொல்லுது. அதான் நேர்ல வந்தோம். இன்னொரு போட்டோ கெடச்சிருக்கு. அதே பையனான்னு நீங்கதான் சொல்லணும்.”

தேவயானி கைப்பையிலிருந்து அந்தப் பிரிண்டை எடுத்து நீட்டினாள்.

மாஸ்டர் வாங்கினார். நெற்றிக் கண்ணாடியைக் கீழே இறக்கினார். போட்டோவை எட்ட வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார், வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“அவனேதான். அதே கோட்டு, அதே கட்டம். ஊதாக் கோடுகூட அப்படியே இருக்கு பாருங்க. தெரியாமத்தான் கேக்குறேன், இப்படிப்பட்டவனுக்கா நான் பொண்ணக் குடுக்குறது?”

குருநாதன் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

அது ஓர் எருமை மாடு. இன்சூரன்ஸுக்காக, காதில் தகட்டோடு, பக்கவாட்டில் நிறுத்தி எடுத்த நல்ல கறுப்பு எருமை.

குருநாதன் வாசலுக்கு ஓடினான். கையில்லாத மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான். தேவயானி மாஸ்டருக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

“எருமையா?” என்று மாஸ்டர் மெல்லக் கேட்டார்.

“எருமைதான்.”

“கோட்டு போட்ட மாதிரிதான் தெரிஞ்சுது.”

“ஊசியில நூல் கோக்க முடியாத கண்ணு. அந்தப் புகை போட்டோவுல பொடிக் கட்டம் மட்டும் எப்படிங்க தெரிஞ்சுது? தபால்ல வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சாத்தான் உண்டு. அழகேசனப் போயி விசாரிச்சதாச் சொன்னீங்க. அவரு உங்களப் பாத்தே அஞ்சு வருஷமாச்சாம்.”

மாஸ்டர் மிஷின் டிராயரை இழுத்தார். உள்ளே மடித்து வைத்திருந்த ஒரு துணியை எடுத்து மிஷின்மேல் விரித்தார். சாம்பல் பொடிக் கட்டம், ஊதாக் கோடு. ஒரு மனிதனின் முதுகு அளவு. நன்றாக இஸ்திரி போட்டிருந்தது.

“மாப்பிள்ளை போட்டோ வந்தப்ப எம்பொண்ணுதான் ‘பொடிக் கட்டம், ஊதாக் கோடு’ன்னு சொன்னா, நான் வெட்டுன கோட்டுன்னு தெரிஞ்சுபோச்சு. படம் எடுத்தது பக்கத்துக் கடை கேமரா. எட்டிப் பாத்தா ஒரே மூட்டமா இருந்துச்சு. அதான் படமும் மூட்டமா வந்துடுச்சு. திருச்சியில போயி கழுவிக்கிட்டு வந்தேன்.”

“மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்” என்றான் குருநாதன். “திருட்டு போட்டோதானே? அதுக்கு எதுக்கு இஸ்திரி போட்டு, பொம்மை முதுகுல கோடு கோணாமக் குத்தி வெச்சீங்க? கொஞ்சம் கோணலா மாட்டியிருந்தா எங்கக்கா சந்தேகமே பட்டிருக்க மாட்டாங்க.”

மாஸ்டர் நிமிர்ந்தார். முதல் தடவையாக அவருக்குக் கோபம் வந்தது. “கோணலா மாட்டுறதா? என் கையாலயா?”

தேவயானிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்டர் சிரிக்கவில்லை. ஊசி அட்டையைக் காட்டினார்.

“காலையில பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி பன்னெண்டு ஊசி கோத்து வெச்சுட்டுப் போவா. சாயங்காலம் வந்து, தையல் சேர்ற எடத்துல கட்டத்துக்குக் கட்டம் சேத்துக் குடுப்பா. பை வெச்சாலும் கை வெச்சாலும் வீரமுத்து கட்டம் சேத்தா கோடு பிசகாதுங்குறாங்க ஊருல. ரெண்டு வருஷமா சேக்குறது சசிகலாதான். ஒருத்தருக்கும் தெரியாது. அவ அம்மா பச்சையம்மா போனதோட என் கண்ணும் போயிடுச்சு. இவளும் போயிட்டா…” அவர் துணியைத் தடவினார். “தொழிலு போனா போவுதுங்க. சாயங்காலம் நாலரையானா வாசல்ல செருப்புச் சத்தம் கேக்கும். அது ஒண்ணுதான்.”

குருநாதனிடம் சொல்வதற்கு ஒரு ஜோக் இருந்தது. அவன் சொல்லவில்லை. தேவயானியின் வீட்டுக்காரர் இறந்தபின் ஒரு வருஷம், டீக்கடையிலிருந்து அவள் இரண்டு டீ வாங்கிவரச் சொல்வாள். ஒன்றைக் குடிப்பாள். மற்றது ஆறிப்போகும். கடைக்காரரும் ஏன் என்று கேட்டதில்லை, அவனும் கேட்டதில்லை.

“மாஸ்டர், நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் கெடு” என்றாள் தேவயானி. “நான் உங்க மககிட்ட சொல்லப் போறதில்ல. அத நீங்கதான் சொல்லணும். சொல்லலன்னா, அந்தப் பையன் பேரு கெட்டது கெட்டதுதான். உங்க மக உங்களுக்கு ஊசி கோத்துக்கிட்டே இருப்பா. ஆனா ஒரு நாளைக்கு எப்படியும் தெரியவரும்.”

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

சசிகலா குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தாள். மிஷின்மேல் விரிந்திருந்த முதுகைப் பார்த்தாள். தேவயானியைப் பார்த்தாள். அதிர்ச்சி அடைவாள் என்று குருநாதன் எதிர்பார்த்தான். அவள் குடையை ஆணியில் மாட்டினாள்.

“பாப்பா” என்றார் மாஸ்டர். விரித்த துணியை மடிக்கப் பார்த்தார், விட்டுவிட்டார். “அந்தப் போட்டோவுல இருக்குறது மாப்பிள்ளை இல்ல.”

“சரிப்பா.”

“அது… நம்ம வாசல்ல நிக்கிற பொம்மை. கடுதாசியும் நான்தான்.”

“தெரியும்ப்பா.”

குருநாதன் தேவயானியைப் பார்த்தான். தேவயானியும் இதை எதிர்பார்க்கவில்லை. அவள் வாய் அரைக்கால் அங்குலம் திறந்திருந்தது. நாலு வருஷ சர்வீஸில் அவன் பார்க்காத காட்சி.

“பொம்மைக்குக் கட்டுனது அம்மாவோட மாம்பழக் கலர் சேலை” என்றாள் சசிகலா. “எனக்குத் தெரியாதா? சனிக்கிழமையே தெரியும். அலமாரியில பாத்தா மடிப்பு மாறியிருந்துச்சு. தலைப்ப மடிக்கத் தெரியாம அள்ளித் தோளுல போட்டிருக்கீங்க.”

“அப்ப எங்கள எதுக்கும்மா புடிச்ச?” என்றான் குருநாதன். “பஸ்ஸுல போயி, புழுதி தின்னு, நாடா கட்டிக்கிட்டு…”

“நான் கேட்டிருந்தா அப்பா இல்லன்னுதான் சொல்லியிருப்பாரு. ஒரு தடவ இல்லன்னுட்டா அப்புறம் சாவுற வரைக்கும் இல்லன்னுதான் சொல்லணும். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அது கெடக்கும். வெளியாளுங்க வந்து கேட்டாத்தான் அவரே சொல்லுவாருன்னு தோணுச்சு.”

மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எருமை போட்டோவை உற்றுப் பார்த்தார்.

“நாளைக்குக் காலையில செந்துறைக்கு நீங்களும் நானும் போறோம். அவங்க வூட்ல நீங்களே சொல்லணும்” என்றாள் சசிகலா. “நாளைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் லீவு எழுதிக் குடுத்துட்டேன். வர்ற புதன்கிழமை திருச்சி கண்ணாஸ்பத்திரி. பொரை எடுக்க நாள் வாங்கியாச்சு.”

“யாரு வாங்குனது?”

“அவருதான்.”

“அவனா?” மாஸ்டர் எழுந்தே விட்டார். “என் கண்ணுல பொரை இருக்குறது அவனுக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னியா?”

“நான் சொல்லல. உங்க மானம் போற விஷயத்த நான் ஏன் சொல்றேன்? பொண்ணு பாக்க வந்தப்போ, மாமனாரு கையால போடணும்னு பேண்ட் துணி குடுத்தாருல்ல? நீங்களே தனியா வெட்டித் தச்சுக் குடுத்தீங்க.”

“ஆமா, தச்சேன். நல்லாத்தானே தச்சேன்?”

சசிகலா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் சிரித்து இப்போதுதான் குருநாதன் பார்க்கிறான்.

“ஒரு காலு கரண்டைக்கு மேல நிக்குது, ஒரு காலு தரையப் பெருக்குது. ஒரு வார்த்த சொல்லலப்பா அவரு. ரெண்டு மாசமா நீள காலக் கீழ மடிச்சு விட்டுக்கிட்டு வேலைக்குப் போறாரு.”

வீரமுத்து மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மிஷின்மேல் வைத்தார். பிறகு டேப்பைக் கழுத்திலிருந்து உருவி மகள் கையில் கொடுத்தார்.

“நாளைக்குப் போறப்ப அந்தப் பேண்டக் கழட்டி வாங்கிக்கிட்டு வரணும்” என்றார். “வெள்ளிக்கிழமை சபையில அதப் போட்டுக்கிட்டு வந்து நின்னான்னா, அப்புறம் இந்த ஊருல எவன் எங்கிட்ட துணி குடுப்பான்?”